எபனேசரின் பயம்

தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் இருக்கும் அந்தக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளுக்குப் பயம் வந்து மூன்று வருடம் ஆகிறது. அது யாருடைய பயம் என்று கேட்டால் எல்லாரும் ஒரே ஆளைத்தான் கைகாட்டுவார்கள். பேட்டரி அறையில், சார்ஜ் ஏறுகிற வண்டிகளுக்கு நடுவே, பிளாஸ்டிக் நாற்காலி போட்டுச் செய்தித்தாளை எட்டாக மடித்துப் படித்துக்கொண்டிருப்பாரே, ஐம்பத்திரண்டு வயது எபனேசர், அவருடையது.

இது பேச்சுக்குச் சொல்வதல்ல. உண்மையிலேயே அவர் பயத்தை எடுத்து வண்டிகளுக்குக் கொடுத்திருந்தார்கள். அதைச் செய்தவள் வசுமதி. கோயம்புத்தூர்க்காரி, ஆளில்லா வண்டிகள் தயாரிக்கும் கம்பெனியின் என்ஜினீயர். வந்த புதிதில் ஒரு வாரம் கிடங்கைச் சும்மா சுற்றிச் சுற்றி வந்தாள். எட்டாவது நாள் பேட்டரி அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்கண்ணா, ஒண்ணு கேக்கலாமுங்களா? எங்க வண்டிக்கு எட்டுக் கண்ணு வச்சிருக்கோம். ஆள் குறுக்க வந்தா டக்குன்னு நின்னுருது. ஆனா மூலை திரும்பறப்ப அங்க ஆள் தெரியலைன்னா, ஆளே இல்லைன்னு நம்பிக்குது. தைரியமா திரும்பிருது. அந்தப் பக்கத்துல இருந்து ஒருத்தர் வந்துட்டா நிக்கறதுக்கு நேரம் பத்தறதில்லீங்க."

"அதுக்கு நான் என்னம்மா செய்ய?"

"உங்களை ஒரு வாரமா பாக்கறனுங்க. வெறும் தள்ளுவண்டியைத் தள்ளிட்டுப் போனாக்கூட மூலைக்கு மூலை நிக்கறீங்க. யாருமே இல்லாத இடத்தைச் சந்தேகப்படறீங்க. அந்தக் குணத்தை எழுதி வைக்க எங்களுக்குத் தெரியலை. உங்க உடம்புல இருந்து எடுத்துக்கலாமுங்களா?"

எபனேசர் செய்தித்தாளை மடித்துக் கீழே வைத்தார். அந்தக் குணம் தமக்கு எப்படி வந்தது என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். சொல்லியிருந்தார்கள். அதனால்தான் அவள் ஒரு வாரம் தயங்கியிருந்தாள்.

அது நடந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. வண்டிகளை மனிதர்கள் ஓட்டிய காலம் அது. எபனேசரைப் போலச் சுத்தமாக ஓட்டுகிறவர் அந்தச் சாலையிலேயே கிடையாது. பெல்ட் மாட்டாமல் சாவியைத் திருக மாட்டார். சரக்கைத் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் தூக்கிக்கொண்டு நகர மாட்டார். தூக்கிய சரக்குக்குக் கீழே யாராவது குனிந்து போனால், அது மேனேஜரே ஆனாலும், வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்து திட்டுவார். அன்று லாரிக்கு ஏற்றுகிற ஏழாம் வாசலில் கோவில்பட்டித் தீப்பெட்டிப் பண்டல்கள். அடுக்கு கண்ணை மறைத்ததால், முறைப்படி ரிவர்ஸில்தான் வந்தார்.

ரிவர்ஸ் வருகிற வண்டியைத் தட்டி நடத்துவது நம் ஊர் வழக்கம். பஸ்ஸோ லாரியோ, உள்ளங்கையால் தகரத்தில் ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போ. கிடங்கிலும் அப்படித்தான். விசில் கொடுத்துப் பார்த்தார்கள், சிவப்புப் பச்சைக் கொடி கொடுத்துப் பார்த்தார்கள். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையால்தான் தட்டினார்கள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

எபனேசருக்கு ஒரு தட்டு கேட்டது. நின்றார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு தட்டு. பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். பின்னால் சரக்கு எண்ணிக் குறிக்கிற டேலி கிளார்க் ஜெபக்கனி நின்றிருந்தாள்.

அவளுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. விசாரணையில் சுமை தூக்குகிறவர்கள் மூன்று பேரை நிறுத்திக் கேட்டார்கள். ஒரு தட்டு தட்டியது நான்தான் என்று ஒருவன் ஒப்புக்கொண்டான். அந்த இரண்டு தட்டை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. 'சைகை இல்லாமல் வண்டியை நகர்த்தினார்' என்று எழுதி முடித்தார்கள். அவர்மேல் புகார் இல்லை என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே ஜெபக்கனி எழுதிக் கொடுத்ததால் வேலை தப்பித்தது. ஆனால் எபனேசர் அதற்குப் பிறகு எந்த வண்டியிலும் ஏறவில்லை. தட்டுச் சத்தம் கேட்டதா, கேட்டதாக நினைத்துக்கொண்டோமா என்கிற கேள்வி ராப்பகலாக அவரை அரித்தது. சொந்தக் காதையே நம்ப முடியாத மனிதன் வேறு எதை நம்புவான்?

ஆகவே வசுமதி கேட்டதும், "எடுத்துக்கோம்மா. எனக்கு அது எதுக்கு?" என்று சொல்லிவிட்டார்.

எடுத்துக்கொண்டால் தம்மிடமிருந்து போய்விடும் என்று அவர் நினைத்தார். அதுதான் இல்லை. பழைய முதலுதவி அறையில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் இருக்கையைப் பொருத்தி, அவரை உட்காரவைத்து, நெஞ்சிலும் கழுத்திலும் காலிலும் பட்டைகளை மாட்டினார்கள். வசுமதி அன்றைய நாளை முதலில் இருந்து நினைக்கச் சொன்னாள். கடைசியில் ஜெபக்கனி போட்ட சத்தம்வரை. உடம்பு எங்கே இறுகுகிறது, கால் எப்போது பிரேக்கைத் தேடுகிறது, மூச்சு எங்கே நிற்கிறது என்று திரை குறித்துக்கொண்டது. ஓரத்தில் ஒரு எண் வந்தது. தொண்ணூற்றொன்று. அதுதான் பயத்தின் அளவு.

அந்தப் பயம் ஏறிய வண்டிகள் அதிசயம் செய்தன. காலியான மூலையில் நின்று யோசித்தன. அடுக்கின் மறைவிலிருந்து வந்தவர்களிடமிருந்து ஒரு முழம் தள்ளியே நின்றன. அந்தக் கம்பெனி வண்டிகள் ஓடும் நாற்பது கிடங்குகளில் மூன்று வருடமாக ஒரு ஆளுக்கும் நகம்கூடப் பெயரவில்லை.

ஒரு சிக்கல்தான். "ஆயிரம் தடவை மூலை திரும்பி ஒண்ணும் நடக்கலைன்னா மெஷினுக்கும் குளிர்விட்டுப் போயிருதுங்கண்ணா," என்றாள் வசுமதி. "மாசம் ஒருக்கா புதுசா ஏத்தணும். நீங்க வரணும்."

மாதம் ஒருமுறை எபனேசர் போய் உட்கார்ந்தார். வந்து மூன்று நாளைக்குச் சாப்பாடு இறங்காது. அவர் மனைவி குணசீலி, "மாசம் ஒருக்கா மனுசனைக் கொன்னு வீட்டுக்கு அனுப்புதாக," என்று தெருவெல்லாம் சொன்னாள். அவரோ அதை விட மாட்டேன் என்றார். ஒரு காலை எடுத்தவனுக்கு ஆயிரம் காலைக் காப்பாற்றக் கிடைத்த வாய்ப்பு அது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை மறைப்பானேன்? நாற்பது கிடங்கில் ஒரு மனிதனின் பயம் நடமாடுகிறது என்றால் சும்மாவா?

வண்டிகளின் பயத்தால் கிடங்கில் ஒரு தொந்தரவும் வந்தது. காலி மூலையில் நிற்கிற வண்டி நின்றுகொண்டே இருக்கும். லாரிக்காரன் ஹார்ன் அடிப்பான். சுமை தூக்குகிறவர்கள் வழக்கப்படி அதன் முதுகில் இரண்டு தட்டு தட்டினார்கள். யாரோ இடித்துவிட்டார்கள் என்று வண்டி பத்து நிமிடம் உயிரைவிட்டு நின்றது. சொல்லிப் பார்த்தார்கள், நோட்டீஸ் ஒட்டிப் பார்த்தார்கள். தட்டுகிற கை நிற்கவில்லை. கடைசியில் கம்பெனி தோற்றுப்போய், வண்டிக்கே ஊர் வழக்கத்தைப் படிப்பித்தது. எங்கே தட்டினாலும் கேட்கட்டும் என்று ஒரு காது வைத்தார்கள். ஒரு தட்டு, நில். இரண்டு தட்டு, போ. எல்லாருக்கும் நிம்மதி.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எபனேசருக்குப் பேத்தி பிறந்தாள்.

மகள் ஹெப்சி பிரசவத்துக்கு வந்திருந்தாள். அந்தக் குழந்தைக்கு ஒரு கெட்ட பழக்கம், தாத்தா நெஞ்சில் போட்டால்தான் தூங்கும். அது தூங்கினால் அவரும் தூங்கிப்போவார். ஒன்பது வருடத்தில் வராத தூக்கமெல்லாம் வட்டியும் முதலுமாக வந்தது. அந்த மாதம் திரையில் எண் அறுபத்தொன்று. அடுத்த மாதம் நாற்பத்தெட்டு. வசுமதி எண்ணைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், பட்டைகளைக் கழற்றினாள்.

அதற்குப் பத்து நாள் கழித்து மேனேஜர் சிவசைலம் பேட்டரி அறைக்கு வந்தார். வழக்கமாக ஆள் அனுப்புகிறவர் அவரே வந்தார்.

"அண்ணாச்சி, எனக்கு ஒளிச்சுப் பேசத் தெரியாது. ஒரு முழம் தள்ளி நிக்கிற வண்டி இன்னைக்கு நாலு விரக்கடை தள்ளி நின்னுருக்கு. ஏழாம் வாசல்ல. சுமை தூக்குற மாடசாமி பின்னால குனிஞ்சு கயிறு பொறுக்கிக்கிட்டு இருந்திருக்கான். நாலே விரக்கடை. கக்கூஸுக்குள்ள போனவன் இன்னும் வெளிய வரல."

எபனேசர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"உங்க நம்பர் போன தடவை எவ்வளவு?"

"நாப்பத்தெட்டு."

"அறுபதுக்குக் கீழ போகக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. வீட்டுல என்ன விசேஷம்?"

"பேத்தி பொறந்திருக்கா."

"ரொம்ப சந்தோஷம்," என்றார் சிவசைலம், இழவு விசாரிக்கிற குரலில். "பாத்துக்கோங்க அண்ணாச்சி. நாப்பது கிடங்கு."

அன்று வீட்டுக்குப் போனதும் ஹெப்சி குழந்தையை நீட்டினாள். எபனேசர் வாங்கவில்லை. கை அழுக்கு என்றார். கழுவிவிட்டு வரச் சொன்னாள். தலைவலி என்றார். மறுநாளும் வாங்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. குழந்தை கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிற்று.

"பிள்ளை உங்களைத் தேடுது. கல்லா நீங்க?" என்றாள் குணசீலி.

"நான் சந்தோஷமா இருந்தா ஒருத்தன் செத்துருவான். புரியுதா உனக்கு?"

"எவன் சொன்னான் அப்படி?"

எவனும் சொல்ல வேண்டியதில்லை, அவருக்கே தெரிந்தது. இந்தக் குழந்தையை நெஞ்சில் போட்டுத் தூங்கியதற்கு விலை மாடசாமியாக இருந்திருக்கும். நாலு விரல் அகலத்தில் தப்பியது. அடுத்த தடவை அந்த நாலு விரலும் இருக்காது. வேறு வழியில்லை, பயத்தைத் திரும்ப வளர்க்க வேண்டியதுதான்.

எப்படி வளர்ப்பது? புண்ணைக் கிளறுவதுதான். ஒன்பது வருடமாக ஏழாம் வாசல் பக்கம் போகாமல் சுற்றி நடந்தவர், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய், சரக்கு அடுக்குகிற காலி மரப் பேலட் ஒன்றின்மேல் உட்கார்ந்தார். அது நடந்த சிமென்ட் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் கொஞ்சம் வந்தது. இரண்டாம் நாள் அதுவும் வரவில்லை, பேத்தி முகம்தான் வந்தது. தம்மேல் அவருக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

மூன்றாம் நாள் ஜெபக்கனி அவரைப் பார்த்துவிட்டாள். அவள் இப்போது ஷிஃப்ட் சூப்பர்வைசர். செயற்கைக் காலில் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நடந்தாலும் கிடங்கில் அவளைப் போல வேகமாக நடக்கிறவர் இல்லை. இத்தனை வருடத்தில் அவளும் எபனேசரும் பேசிக்கொண்டது "சாப்டாச்சா அண்ணாச்சி?", "ஆச்சும்மா," அவ்வளவுதான்.

"இங்க என்ன செய்யுதீய அண்ணாச்சி? லாரி போற வழில்லா."

"சும்மாதாம்மா."

"சும்மா உக்காரதுக்கு இந்த இடம்தானா கெடச்சிச்சு?"

பொய் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. "பயம் கொறஞ்சிட்டுன்னு சொல்லுதாக. அதான் மாடசாமிக்கு அப்படி ஆகிட்டு. ஏத்திக்கிட்டு இருக்கேன்."

ஜெபக்கனிக்குப் புரியவில்லை. "அந்த ரூம்ல உங்களுக்கு என்னமோ ட்ரெய்னிங்னுல்லா நெனச்சேன். என்ன செய்வாக?"

"அன்னைக்கு நடந்தத நெனைக்கச் சொல்லுவாக. முதல்லருந்து. நீ கத்துன வரைக்கும்."

"மாசாமாசமா?"

"மூணு வருசமா."

அவள் மெல்ல அவருக்குப் பக்கத்தில் பேலட்டில் உட்கார்ந்தாள். கன்டெய்னர் இறக்குகிற கிரேன் சத்தம் மட்டும் துறைமுகப் பக்கமிருந்து வந்தது.

"அண்ணாச்சி, மாடசாமி தப்பிச்சதுக்கும் உங்க பயத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நான் பாத்துக்கிட்டு நின்னேன். ஆறாம் வாசல்ல லோடு ஏறுன லாரியை அனுப்பதுக்கு கிளீனர் பயல் பாடியில ரெண்டு தட்டு தட்டினான். ஏழாம் வாசல்ல நின்ன வண்டி தனக்குன்னு நெனச்சிக் கிளம்பிட்டு."

"பக்கத்து லாரியிலயா தட்டினான்?"

"ஆமா."

எபனேசர் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். அவருக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது.

"அன்னைக்கும் ஆறாம் வாசல்ல ஒரு லாரி நின்னுச்சு," என்றார்.

"நின்னுச்சு."

"அதுல யாரும் தட்டினாகளா, கனி?"

ஜெபக்கனி தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். "நான்தான் தட்டினேன் அண்ணாச்சி. எண்ணிக்கை முடிஞ்சிது, கிளம்புன்னு டிரைவருக்கு ரெண்டு தட்டு தட்டிட்டு, சீட்டை எழுதிக்கிட்டே உங்க வண்டிக்குப் பின்னால வந்து நின்னேன்."

அதோடு நிறுத்தாமல் மீதியையும் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க வந்தவர்களிடம் சொல்ல வாயெடுத்ததும் அண்ணன் அவள் கையை அமுக்கினான். 'நீயே தட்டினேன்னு சொன்னா உன் தப்புன்னு எழுதிருவான். காலும் போய், வேலையும் போய் நிப்பியா?' என்று காதோடு சொன்னான். புகார் இல்லை என்று எழுதிக் கொடுத்ததோடு கணக்கு நேராகிவிட்டது என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு வருடமும் சொல்ல வேண்டியது ஒரு சுற்றுக் கனத்துப் போனது. எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்ப நான் கேட்டது நெசம்," என்றார் எபனேசர். அது ஒன்றுதான் அவருக்கு முதலில் உறைத்தது. "நெசமாத்தான் கேட்டுச்சு. என் காது சரியாத்தான் இருந்திருக்கு."

"நெசம் அண்ணாச்சி."

அப்புறம்தான் கோபம் வந்தது. எழுந்து நின்றுவிட்டார். "ஒம்பது வருசம், கனி! ஒம்பது வருசமா நான் பைத்தியமான்னு என்னையே கேட்டுக்கிட்டு இருக்கேன். தெனமும் என்னைப் பாத்து சாப்டாச்சான்னு கேட்டியே, இதைச் சொல்ல வாய் வரலியா?"

"வரல. பேடிதான் நான். அடிக்கணும்னா அடிச்சிருங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தாள். அந்தக் கிடங்கை நடத்துகிற பெண் அவள், எப்போதும் அழுதுகொண்டிருக்க மாட்டாள். "ஆனா ஒண்ணு அண்ணாச்சி. நான் தட்டினதும் நெசம். நீங்க திரும்பிப் பாக்காம காலை எடுத்ததும் நெசம். ரெண்டு பேரும் சேந்துதான் என் காலை எடுத்தோம். என் பாதியையும் உங்க தலையில போட்டுட்டு நான் நிம்மதியா இருந்திருக்கேன். அதை இப்ப திருப்பி வாங்கிக்கிடுதேன். தாங்க."

எபனேசர் மறுபடி பேலட்டில் உட்கார்ந்தார். ஆமாம், அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்பது வருடமாகத் தட்டு கேட்டதா இல்லையா என்றே கிடந்து உழன்றவர், அதை ஒரு தடவைகூட நினைத்ததில்லை. கேட்டிருந்தாலும் திரும்பியிருக்க வேண்டும். பாதிப் பாரம் இறங்கியதும்தான் மீதிப் பாரத்தின் வடிவம் கண்ணுக்குத் தெரிந்தது. அது சுமக்கக்கூடியதாகவும் இருந்தது. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். தம் அக்கா செத்தபோதுகூட அப்படி அழுததில்லை. ஜெபக்கனி, யாரும் வந்துவிடாமல், வாசல் சங்கிலியை இழுத்து மாட்டினாள்.

அன்று மாலையே அவள் சிவசைலத்திடம் போய், இரண்டு விபத்தையும் பற்றி எழுதிக் கொடுத்தாள். தன் கையெழுத்தைப் போட்டே கொடுத்தாள். என்ன நடவடிக்கை எடுப்பதாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். சிவசைலம் அந்தக் காகிதத்தை மூன்று முறை படித்துவிட்டு, "எனக்கு இதுல எந்தப் பத்தியில கோபப்படணும்னே தெரியல," என்றார்.

அடுத்த வாரம் வசுமதி வந்தாள். எபனேசர் இருக்கையில் உட்கார்ந்தார். பட்டைகளை மாட்டினார்கள். பக்கத்தில் சிவசைலம், நகத்தைக் கடித்துக்கொண்டு. எபனேசர் அன்றைய நாளை முதலில் இருந்து நினைத்தார், உண்மையாகவே நினைத்தார், ஜெபக்கனியின் சத்தம்வரை. துக்கம் வந்தது. நெஞ்சு கனத்தது. பயம் மட்டும் வரவில்லை.

எண் பதினொன்று.

"போச்சு," என்றார் சிவசைலம். "நாப்பது கிடங்கும் போச்சு."

எபனேசர் தலை குனிந்தார். "ஜெபக்கனி உண்மையைச் சொன்னதுல பயம் வுட்டுப் போச்சும்மா. நான் என்ன செய்ய? வேற ஆளைப் பாரு."

வசுமதி எழுந்து போய் இருக்கைக்குப் பின்னால் ஓரமாக இருந்த தகரக் கதவில் உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினாள். பிறகு ஓடிவந்து திரையைப் பார்த்தாள். மறுபடி போய்த் தட்டினாள். மறுபடி பார்த்தாள். நாலாவது தடவை சிவசைலத்தைத் தட்டச் சொன்னாள்.

"ஏனுங்கண்ணா, இப்ப நீங்க என்ன பண்ணுனீங்கன்னு உங்களுக்குத் தெரியுதுங்களா?"

"ஒண்ணும் செய்யலியே."

"கழுத்தைத் திருப்பினீங்க. நாலு தடவையும். முதல்ல சத்தம் வந்த பக்கம், அப்புறம் நேர் பின்னால, அப்புறம் அடுத்த தோளுக்கு மேல. அதுக்கப்புறம்தான் காலு அசைஞ்சுது. மூணு வருசப் பதிவுல இது ஒருதடவைகூட இல்லீங்க. பயத்துல நீங்க கட்டை மாதிரி இறுகிப் போவீங்க. பிரேக்கை மட்டும் மிதிப்பீங்க. எங்க வண்டியும் அதைத்தான் கத்துக்கிச்சு. பயந்தா நிக்கும், எவனாவது தட்டினா கிளம்பிரும். யாரு தட்டினா, எதுக்குத் தட்டினான்னு திரும்பிப் பாக்கவே தெரியாது." அவள் பட்டைகளைக் கழற்றத் தொடங்கினாள். "நான் சரியான ஆளைத்தான் பிடிச்சேன். தப்பான மனசைப் பிடிச்சுட்டேன். மூணு வருசமா மாசாமாசம் உங்களைக் கொன்னிருக்கனுங்க. அதுக்கு அவசியமே இல்லைங்க."

எபனேசருக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "வுடும்மா. நகம் பெயராம மூணு வருசம் ஓடிச்சில்ல?" என்றார்.

புதுப் பதிவை முதலில் ஒரே வண்டியில் ஏற்றினார்கள், நாலாம் நம்பர் வண்டியில். ஏழாம் வாசலில் நிறுத்தி, பின்னால் ரப்பர் பொம்மையை வைத்து முப்பது தடவை பார்த்தார்கள். முப்பதிலும் தேறியது. முப்பத்தொன்றாவது தடவை எபனேசர், "பொம்மையை எடுங்க, நான் நிக்கேன்," என்றார்.

"வேண்டாங்கண்ணா. சட்டப்படி தப்புங்க."

"சட்டப்படி அன்னைக்கும் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அவசர பட்டன் உன் கையில இருக்குல்லா? வேகத்தையும் நடக்கிற அளவுக்குக் கொறச்சிக்கோ. நான் ஒருதடவை அவ நின்ன இடத்துல நின்னு பாக்கணும்."

அவர் போய் நின்றார், சரியாக அந்த இடத்தில், வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் ஒரு சீட்டை வைத்து எழுதுகிற பாவனையில். ஆறாம் வாசலில் லாரி. அதன் பக்கத்தில் ஜெபக்கனி. அவள் கையை ஓங்கிவிட்டு இறக்கினாள். வேறு யாராவது தட்டட்டும் என்றாள் வசுமதி. ஜெபக்கனி கேட்கவில்லை. உள்ளங்கையை விரித்து லாரியில் இரண்டு முறை ஓங்கித் தட்டினாள்.

லாரி கிளம்பிப் போயிற்று. எபனேசர் சீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். முதுகுப் பக்கம் மோட்டார் உறுமவில்லை. வண்டியின் உச்சியில் இருந்த கண் சுழன்று லாரி இருந்த பக்கம் திரும்பும் மெல்லிய சத்தம் கேட்டது. பிறகு அது தம் பக்கம் திரும்புவது கேட்டது. நீலநிற வெளிச்சம் ஒன்று தரையில் ஊர்ந்து வந்து அவர் செருப்பைத் தொட்டது. குட்டியாக ஒரு ஹார்ன். பெரியவரே, கொஞ்சம் தள்ளுங்கள் என்கிற மாதிரி மரியாதையான ஹார்ன்.

அவர் தள்ளிக்கொண்டார். வண்டி இன்னொரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, நிதானமாகப் பின்னால் வந்து, தன் வழியே போயிற்று. அதன் போக்கில் நடுக்கம் இல்லை. வெகுநாளைக்கு முன்பு, அந்தச் சாலையிலேயே சுத்தமாக ஓட்டிய ஒருவரின் போக்கு அது. மாடசாமிதான் முதலில் கைதட்டினான்.

"அடுத்த மாசம் எந்தத் தேதிம்மா?" என்று எபனேசர் வசுமதியைக் கேட்டார்.

"எதுக்குங்க?"

"புதுசா ஏத்த வேண்டாமா?"

"வேண்டாங்கண்ணா. பயம்னா மாசாமாசம் தேஞ்சு போகும், தீட்டித் தீட்டி ஏத்தணும். இது பழக்கமுங்க. நம்ம ஆளுங்க தட்டற பழக்கத்தை என்ன செஞ்சும் நம்மால நிறுத்த முடிஞ்சுதுங்களா? அந்த மாதிரிதான், இதையும் யாரும் இனி நிறுத்த முடியாது. நீங்க வீட்டுக்குப் போங்க."

மறுநாள் மதியம் மூன்று மணி இருக்கும். எபனேசர் வீட்டில் செல்போன் அடித்தது. குணசீலி அடுக்களையிலிருந்து பாய்ந்து வந்து இரண்டாவது மணிக்குள் எடுத்தாள்.

"அக்கா, நான் சிவசைலம் பேசுதேன். அண்ணாச்சிகிட்ட குடுங்க. நாப்பது கிடங்குலயும் இன்னைக்கே புதுப் பதிவை மாத்துதாங்க. கம்பெனி முதலாளி லைன்ல இருக்காரு, அண்ணாச்சிகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்ங்காரு."

குணசீலி கூடத்தை எட்டிப் பார்த்தாள். பாயில் மல்லாந்து கிடந்தார் எபனேசர். அவர் நெஞ்சில் கவிழ்ந்து கிடந்தது குழந்தை. அவர் மூச்சுக்கு அது ஏறியது, இறங்கியது. இரண்டு பேருக்கும் வாய் ஒரே மாதிரி திறந்திருந்தது.

"இப்ப பேச முடியாது," என்றாள்.

"ஏன்க்கா, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. தூங்குதாக."

"ஒரு நிமிசம் எழுப்பி விடுங்கக்கா. மொதலாளி காத்துக்கிட்டு இருக்காரு."

"இருக்கட்டும். ஒம்பது வருசம் நான் காத்துக்கிட்டு இருந்தேன்லா?" என்று சொல்லிவிட்டு, குணசீலி போனை அணைத்து, அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள்.